யாரைக் கேட்பது? எங்கே கேட்பது?

ஏற்காடு மலையில் பனிக்காலம் வந்துவிட்டால் மாலை ஆறு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். எதிரே வருகிற ஆள் தெரியாது. சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் மறைந்துபோகும். வேலை முடிந்து வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு மலைக்கு வந்திருக்கிறாள். மடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பக்கத்தில் அப்பாவின் மழைக் கணக்கு நோட்டு.

காப்பிக்காரர்களுக்கு மழைக் கணக்கு என்றால் உயிர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்கிற கோடை மழைதான் காப்பிச் செடியைப் பூக்க வைக்கிறது. அந்த மழை தவறினால் பூ தவறும். பூ தவறினால் காய் ஏது? ஆகவே எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் என்று தோட்டத்தில் எழுதி வைப்பார்கள்.

அந்த நோட்டில் உள்ளதை மகள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எந்த வாரத்தில் மழை பெய்தால் விளைச்சல் கூடுகிறது என்று பார்க்க ஆசை. ஏற்றி முடித்துப் பார்த்தால் ஒரே கூத்து! 2019 ஏப்ரல் 5-ஆம் தேதி பெய்த மழை, கி.பி. 5-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி பெய்ததாகக் கம்ப்யூட்டர் சொல்லியது. ஏப்ரல் 25-ஆம் தேதி மழை, கி.பி. 25-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-க்குப் போய்விட்டது. எல்லா மழையும் 20-ஆம் தேதியே பெய்ததாகக் கணக்கு!

"என்ன கண்ணு, கணக்கு உதைக்குதா?" என்று அப்பா கேட்கிறார்.

"ஆமாப்பா. யாரைக் கேக்கறதுன்னுதான் தெரியலை."

மகள் கதை கற்பனை. ஆனால் அந்தத் தேதிக் குளறுபடி கற்பனை அல்ல. "ஆர்" என்ற கம்ப்யூட்டர் மொழியைப் புதிதாகக் கற்பவர்கள் உலகம் முழுவதும் இந்தக் குழியில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். விழுந்தவர்கள் யாரைக் கேட்டார்கள், எங்கே போய்க் கேட்டார்கள் என்பது ஒரு தனிக் கதை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் பெரிய படிப்பாளிகளே திண்டாடியிருக்கிறார்கள்.

கடைக்காரர் இல்லாத சரக்கு

கம்ப்யூட்டருக்கு நாம் பேசுகிற தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதற்குக் கட்டளை இட்டு வேலை வாங்குவதற்கென்று தனி மொழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் "ஆர்". பெயரே ஒற்றை எழுத்து. நியூசிலாந்து நாட்டில் ஆக்லந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் உண்டாக்கியது. இருவர் பெயருக்கும் முதல் எழுத்து ஆங்கிலத்தில் அதே எழுத்து. புள்ளிவிவரக் கணக்குகளுக்கு ஏற்ற மொழி. ஆஸ்பத்திரி, பாங்கி, விவசாய ஆராய்ச்சி என்று பல இடங்களில் பயன்படுகிறது.

இந்த மொழிக்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அது நல்லதுதான். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. தையல் மிஷின் வாங்கினால், ரிப்பேருக்குக் கடைக்காரரிடம் போகலாம். "ஆர்" மொழிக்குக் கடைக்காரரே இல்லையே! எங்கே போய் முறையிடுவது?

பதில் தெரிந்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் பிரேஸிலில், ஒருவர் கோயம்புத்தூரில். கூலி வாங்காமல் சொல்லிக்கொடுக்கத் தயாராகவும் இருக்கிறார்கள். ஆனால் கேட்கிறவரும் சொல்கிறவரும் ஒரே இடத்தில் கூடினால்தானே காரியம் நடக்கும்? எந்த மரத்தடியில் கூடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் கடிதம்

1997-ல் "ஆர்" அன்பர்கள் முதல் மரத்தடியைக் கண்டுபிடித்தார்கள். அது மின்னஞ்சல் பட்டியல். பெயர், "ஆர் ஹெல்ப்". ஒருவர் எழுதுகிற கடிதம், பட்டியலில் சேர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் போகும். பதில் தெரிந்தவர் எழுதுவார். அந்தப் பதிலும் அத்தனை பேருக்கும் போகும். பழைய கடிதங்கள் எல்லாம் சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரத்துக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன.

இதில் வசதி உண்டு. கடிதம் வெறும் எழுத்து. மலைச் சரிவில் செல்போன் சிக்னல் வந்து வந்து போனாலும், ஒரு முறை கிடைத்த நேரத்தில் எல்லாக் கடிதமும் வந்து விழுந்துவிடும். பிறகு சாவகாசமாகப் படிக்கலாம்.

வசதி இல்லாததும் உண்டு. கேட்டவருக்கு ஒரு கடிதம் போதும். சேர்ந்திருப்பவருக்கோ தினம் கட்டுக் கட்டாகக் கடிதம். ஒரே கேள்வியை வாரா வாரம் யாராவது கேட்பார்கள். பதில் சொல்கிறவருக்கு அலுப்பு வராமல் இருக்குமா? "முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வா" என்று வெடுக்கென்று எழுதுவார்கள். கேள்வி கேட்பதற்கு முன்னால் படிக்கவேண்டிய விதிமுறை ஒன்றையே நீளமாக எழுதி வைத்தார்கள். நறுக்கென்று சொன்ன பதில்களையும் வேடிக்கையான வாசகங்களையும் சேர்த்து, கம்ப்யூட்டரில் போட்டுப் படிக்கும்படி ஒரு தொகுப்பே வந்தது. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு. திட்டு வாங்கியவருக்கு?

புதிதாக வந்த பெண் ஒருத்தி, உலகத்தில் உள்ள பெரிய பேராசிரியர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில், "எனக்குத் தேதி கூடப் போடத் தெரியவில்லை" என்று எழுதுவாளா? பலர் எழுதவே இல்லை. பேசாமல் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போனார்கள்.

சந்தையில் பலகை

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒரு புது இடம் திறந்தது. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்பால்ஸ்கி என்ற இருவர் தொடங்கியது. "ஸ்டேக் ஓவர்ஃப்ளோ" என்று பெயர். "ஆர்" மொழிக்கு மட்டும் அல்ல, எல்லாக் கம்ப்யூட்டர் மொழிகளுக்கும் பொதுவான சந்தை.

இங்கே கடிதம் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பலகை. கேள்வி மேலே. பதில்கள் கீழே. படிக்கிறவர்கள் பதிலுக்கு ஓட்டுப் போடலாம். அதிக ஓட்டு வாங்கிய பதில் மேலே ஏறும். கேட்டவர், "இதுதான் எனக்கு உதவியது" என்று ஒரு பதிலுக்குப் பச்சைக் குறி போடலாம். பதில் சொன்னவருக்கு ஓட்டுக்குப் பத்து மதிப்பெண், பச்சைக் குறிக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்குகிற ஆசை வயதானாலும் விடுவது இல்லை!

நாளைக்கு இதே சந்தேகம் வேறு ஒருவருக்கு வந்தால், அவர் கேட்கவே வேண்டாம். தேடினால் பலகை கண்ணில் படும். கடிதப் பட்டியலில் இந்தச் சுகம் இல்லை. பழைய கடிதங்களைப் புரட்டி, எது சரி, எது தவறு என்று நாமே பார்க்க வேண்டும்.

"ஆர்" அன்பர்களில் சிலர் இதைப் பார்த்தார்கள். ஆனால் சந்தையில் "ஆர்" பற்றிய கேள்விகள் மிகக் குறைவு. கேள்வி இல்லாத இடத்துக்குப் பதில் சொல்பவர் வரமாட்டார். பதில் சொல்பவர் இல்லாத இடத்துக்குக் கேட்பவர் வரமாட்டார். என்ன செய்வது? 2009-ல் நாள் குறித்தார்கள். பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் அந்த இடத்தில் கூடி, "ஆர்" பற்றிய கேள்விகளை மளமளவென்று இட்டார்கள். பதில்களையும் எழுதினார்கள். புதுக் கடை திறந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் போய்ச் சாமான் வாங்கிக் கூட்டம் காட்டுவோமே, அந்த மாதிரி!

வேலை பலித்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு போக்டான் வாசிலெஸ்கு என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் இரண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அவர்கள் கட்டுரை சுவையானது. கேட்பவர்களும் சொல்பவர்களும் கடிதப் பட்டியலை விட்டுச் சந்தைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் இருந்த ஆட்களைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஆள்தான், கடிதத்துக்கு மெதுவாகப் பதில் சொல்கிறார், மார்க் கிடைக்கிற இடத்தில் வேகமாகப் பதில் சொல்கிறார்!

இடம் மாறினால் மனிதரின் குணமும் கொஞ்சம் மாறுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்க்கின் மறுபக்கம்

ஆனால் மார்க் இருந்தால் கண்டிப்பும் வரும் அல்லவா? ஏற்கனவே கேட்ட கேள்வியை மறுபடி கேட்டால், "இது பழைய கேள்வி" என்று பலகையை மூடிவிடுவார்கள். கேள்வி தெளிவாக இல்லை என்றாலும் மூடுவார்கள். பிடிக்காத கேள்விக்கு எதிர் ஓட்டு விழும். ஐம்பது மதிப்பெண் வாங்காத புது ஆள், பிறர் பலகையில் "எனக்கும் இதே சந்தேகம்" என்று ஒரு குறிப்புக்கூட எழுத முடியாது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. குப்பை சேர்ந்தால் பலகை பலகையாக இருக்காது. ஆனாலும் முதல் நாள் வந்தவர் கேள்வியை ஐந்து நிமிடத்தில் மூடினால், அவர் மறுநாள் வருவாரா? 2018 ஏப்ரல் மாதம் அந்த நிறுவனமே வாய் திறந்து ஒப்புக்கொண்டது. எங்கள் இடம் புதியவர்களை அவ்வளவாக வரவேற்பது இல்லை, பெண்களும் ஒதுக்கப்பட்டவர்களும் வரத் தயங்குகிறார்கள், இதை மாற்ற வேண்டும் என்று அதன் அதிகாரி ஒருவர் பகிரங்கமாக எழுதினார்.

அதற்குள் பல மொழிக்காரர்கள் தங்களுக்கென்று திண்ணை கட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் திண்ணை கட்டுவதற்கான சாமான் பெரும்பாலும் "டிஸ்கோர்ஸ்" என்பது. 2013-ல் வெளிவந்தது. யாரும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளலாம். இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சந்தையைக் கட்டிய அதே ஜெஃப் அட்வுட்தான்!

ஆப்பிள் கம்பெனியில் பிறந்த "ஸ்விஃப்ட்" மொழிக்காரர்கள் 2018 ஜனவரியில் கடிதப் பட்டியலை விட்டுத் திண்ணைக்கு மாறினார்கள். "பைதான்" மொழிக்காரர்களும் 2018 முதல் திண்ணை வைத்திருக்கிறார்கள். "ஆர்" மொழிக்கு 2017-ல் "ஆர் ஸ்டூடியோ" என்ற கம்பெனி ஒரு திண்ணை திறந்தது. கம்பெனி இப்போது "பாசிட்" என்று பெயர் மாறிவிட்டது. திண்ணை இருக்கிறது. அங்கே எதிர் ஓட்டு கிடையாது. "அண்ணே, இன்னும் புரியவில்லை" என்று இரண்டு தரம் கேட்டாலும் யாரும் மூடுவது இல்லை.

ஆக ஒரே மொழிக்கு மூன்று இடம். கடிதம், பலகை, திண்ணை. போதாததற்கு அரட்டை அறைகள் வேறு. டிஸ்கார்ட், டெலிகிராம் என்று செல்போனிலேயே கூட்டம் கூடிவிடுகிறது. அது டீக்கடைப் பேச்சு மாதிரி. கேட்ட மாத்திரத்தில் பதில் கிடைக்கும். மறுநாள் அந்தப் பதிலைத் தேடினால் அகப்படாது. பேச்சு அடியில் புதைந்துபோயிருக்கும்.

தோட்டக்காரர் கேட்ட கேள்வி

கேட்கிற இடம் இல்லாமல் தவித்த கதை, ஏற்காட்டு மலைக்குப் புதிது அல்ல. 1820-ஆம் ஆண்டுகளில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பி பயிரிட்டுப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? நட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு தோட்டங்கள் பெருகின. 1893-ல் தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் கூடி "உபாசி" என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஒரு மலையில் கண்ட நோயையும் மருந்தையும் இன்னொரு மலைக்காரருக்குச் சொல்ல ஒரு வழி பிறந்தது.

1990-ல் கூடலூர்ப் பக்கம் காப்பிப் பழத்தைத் துளைக்கும் வண்டு முதல் முதலாக இந்தியாவில் தலைகாட்டியது. ஓர் இடத்தில் ஒருவர் கண்டதை மற்ற மலைக்காரர்கள் உடனே அறிந்தால்தான் தப்பிக்கலாம். தெரிந்த செய்தி ஒருவரோடு நின்றுவிட்டால் பயன் என்ன?

2004 ஜனவரியில் மத்திய அரசு உழவர்களுக்காகக் "கிசான் கால் சென்டர்" தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் போடலாம். தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிடச் சுலபம் ஏது? ஆனால் அந்தப் பதில் போன் போட்டவர் காதோடு போய்விடும். அடுத்த தோட்டக்காரர் அதே கேள்விக்குத் தானும் போன் போட வேண்டும். பலகைக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

போனில் தமிழ் இருக்கிறது, பலகை இல்லை. சந்தையில் பலகை இருக்கிறது. தமிழ்?

அங்கேதான் நமக்கு இடிக்கிறது.

இங்கிலீஷ் என்ற வளைவு

ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். 2014, 2015 ஆண்டுகளில் போர்த்துகீசியம், ஜப்பானியம், ருஷ்யன், ஸ்பானிஷ் மொழிகளுக்குத் தனிப் பிரிவுகள் திறந்தார்கள். தமிழுக்கு இல்லை. இந்தி மொழிக்கும் இல்லை.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் இருபத்தோராவது வளைவு. அவளுக்குச் சந்தேகம் தேதியைப் பற்றி. ஆனால் கேள்வியை எழுத உட்கார்ந்தால், தேதியை மறந்துவிட்டு இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள். கேள்வி தெளிவாக இல்லை என்று மூடினால், தனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று நினைத்துக்கொள்வாள். உண்மையில் வராதது இங்கிலீஷ் வாக்கியம் மட்டுமே.

தமிழில் முயற்சி இல்லாமல் இல்லை. முத்து அண்ணாமலை என்ற தமிழர் "எழில்" என்ற கம்ப்யூட்டர் மொழியையே தமிழில் உண்டாக்கினார். 2009-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதில் எழுதிக்காட்டு என்பதற்கு "பதிப்பி" என்று கட்டளை. முடிவுக்கு "முடி". பள்ளிப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே கம்ப்யூட்டருக்குக் கட்டளை இடலாம். 2012 முதல் "கணியம்" என்ற இலவசத் தமிழ் இதழ், கம்ப்யூட்டர் விஷயங்களைத் தமிழில் சொல்லி வருகிறது. படிக்கத் தமிழில் இருக்கிறது. ஓட்டுப் போட்டு மேலே ஏற்றிய பதில்களோடு, லட்சம் பலகை நிற்கிற பெரிய சந்தை மட்டும் தமிழில் இன்னும் உருவாகவில்லை.

ஆள் சேராத இடத்தில் பலகை நட்டுப் பயன் இல்லை என்பது "ஆர்" அன்பர்களுக்கு 2009-லேயே தெரிந்த பாடம். இடம் கட்டுவது ஒரு நாள் வேலை. நாள் தவறாமல் வந்து பதில் சொல்ல ஐம்பது பேரைச் சேர்ப்பதுதான் வேலை.

பேசும் யந்திரம் வந்தது

2022 நவம்பர் 30 அன்று "சாட் ஜிபிடி" வெளியானது. கேள்வி கேட்டால் யந்திரமே பதில் சொல்லும். தமிழில் கேட்டால் தமிழில் சொல்லும். திட்டாது, மூடாது, மார்க் கேட்காது. நடுராத்திரியிலும் விழித்திருக்கும்.

கேட்பவர்கள் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் புதுக் கேள்விகள் மளமளவென்று குறைந்தன. யந்திரம் எழுதிய பதில்களை இங்கே ஒட்டக் கூடாது என்று 2022 டிசம்பரிலேயே தடை போட்டார்கள். காரணம், அந்தப் பதில்கள் பார்ப்பதற்குச் சரி போல இருக்கும், உள்ளே தவறு இருக்கும். தடை விவகாரத்தில் நிறுவனத்துக்கும், சம்பளம் இல்லாமல் சந்தையைக் காவல் காத்த தொண்டர்களுக்கும் தகராறு மூண்டு, 2023 ஜூனில் வேலைநிறுத்தமே நடந்தது.

இதற்கு முன்பே, 2021-ல், நெதர்லாந்தைச் சேர்ந்த "புரோசஸ்" நிறுவனம் சந்தையை 180 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2024 மே மாதம் சாட் ஜிபிடி கம்பெனியோடு சந்தைக்காரர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். "நாங்கள் இலவசமாக எழுதியதை வைத்து நீங்கள் வியாபாரம் செய்வதா?" என்று சிலர் தங்கள் பதில்களை அழிக்கப் பார்த்தார்கள். அழிக்கவிடவில்லை. பதில் எழுதும்போதே, பெயரைச் சொல்லி யாரும் எடுத்து ஆளலாம் என்ற பொது உரிமத்துக்குச் சம்மதித்துத்தான் எழுதுகிறார்கள். இந்த விதியைப் பலர் அன்றைக்குத்தான் நிதானமாகப் படித்திருப்பார்கள்!

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. யந்திரம் கற்றுக்கொண்டதே இந்த மாதிரி பலகைகளையும் பழைய கடிதங்களையும் படித்துத்தான். புதுப் பலகை எழுதுவோர் குறைந்தால், நாளைக்குப் புதிதாக வருகிற மொழியைப் பற்றி யந்திரம் எங்கே படிக்கும்? யந்திரத்திடம் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டது, கிசான் போன் மாதிரி, அவரோடு நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க முடியாது. தவறு இருந்தால் திருத்தவும் ஆள் இல்லை.

மழைத் தேதி என்ன ஆயிற்று?

மறுபடியும் மூடுபனி வீட்டுக்கு வருவோம். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. "ஆர்" மொழி தேதியைப் படிக்கும்போது, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் என்று எடுத்துக்கொள்ளும். அப்பாவின் நோட்டில் 05-04-2019 என்று இருந்தது. நாம் முதலில் நாளைத்தான் எழுதுகிறோம். கம்ப்யூட்டர் 05-ஐ ஆண்டு என்று எடுத்துக்கொண்டது. 04 மாதம். 2019-ல் முதல் இரண்டு எழுத்தான 20-ஐ நாள் என்று பிடித்துக்கொண்டு, மிச்சம் இருந்த 19-ஐத் தள்ளிவிட்டது. அதனால்தான் எல்லா மழையும் இருபதாம் தேதி!

"நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் படி" என்று ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்தால் போதும். இந்தப் பதில் பழைய கடிதத்திலும் இருக்கிறது, பலகையிலும் இருக்கிறது, திண்ணையிலும் இருக்கிறது. யந்திரமும் சொல்லும். எல்லாம் இங்கிலீஷ்காரர் யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், வெட்கப்படாமல் கேட்டு வைத்ததால் வந்தது.

மகள் குறிப்பைச் சேர்த்தாள் என்று வைத்துக்கொள்வோம். மழை அதனதன் தேதிக்குத் திரும்பிவிட்டது. அப்பா நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்.

"2019 ஏப்ரல் அஞ்சு... சரி. ஏப்ரல் இருபத்தஞ்சு... சரி. கண்ணு, இதை எப்படிச் சரி பண்ணினேன்னு தமிழ்ல ஒரு தாள்ல எழுதி நோட்டுக்குள்ளே வச்சிடு. அடுத்த தோட்டத்துக் கணக்குப்பிள்ளையும் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்காராம்."